பக்கக் கதவு

"பின் விசிறியை மாத்தச் சொல்லுங்க மேடம். இல்லேன்னா நாளைக்கும் வெடிக்கும்."

தேவசகாயம் மேசையில் கை ஊன்றி நின்றார். அந்த ஜெட் எஞ்சினின் முன் விசிறி அவர் பெற்ற பிள்ளை மாதிரி. பதினோரு வருஷம் சீராட்டி வளர்த்தது.

முபீனா சோதனைக்கூடத் தலைவி. அவரைவிட இருபது வயது சின்னவர். யாருக்கும் நேராகப் பதில் சொல்லிப் பழக்கமில்லாதவர். ஆனாலும் வழி தெரியாமல் முட்டிக்கொண்டவர்கள் எல்லாம் அவரிடம்தான் வருவார்கள்.

எஞ்சினுக்கு இரண்டு குணம். நிதானமாகப் பறக்கையில், முன் விசிறி தள்ளும் காற்றில் ஒரு பங்கு புறவழியாகப் போய்விடும். வேகம் வேண்டும்போது புறவழிக் கதவு மூடிக்கொள்ளும். பின் விசிறி வாயை அகலத் திறந்து அத்தனை காற்றையும் விழுங்க வேண்டும்.

அந்த நொடியில்தான் வினை. காற்று வெடிச் சத்தத்தோடு திரும்பி வந்து முன் விசிறியை அறையும். மூன்று முறை அறைந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் தேவசகாயம் விசிறியின் இறக்கைகளைத் தடிமனாக்கினார்.

நாளைக் காலை கடைசி ஓட்டம். அதுவும் கெட்டால் எஞ்சினைக் கிடங்கில் போடச் சொல்லி மேலிடம் எழுதியே கொடுத்துவிட்டது.

"என் விசிறியைத் தனியா ஓட்டிப் பாருங்க. ஒரு குறை சொல்ல முடியாது."

"பின் விசிறியை?"

"அதையும் தனியா ஓட்டினாங்க. பாஸ்தான். ஆனா..."

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். இவர் ஆடத் தெரிந்தவர். அதனால்தான் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம்.

முபீனா அபாயச் சங்கின் பொத்தானை அழுத்தினார். சங்கு ஊதினால் கூடத்தில் இருப்பவர்கள் எல்லோரும் வெளியேறித் தலை எண்ண நிற்க வேண்டும். அங்கே அதுதான் சட்டம்.

"இன்னைக்கு நடைவழி வாசல்ல நீங்க நில்லுங்க சார். ஆளுங்களை விடாம அனுப்பணும்."

நடைவழியின் நடுவில் ஒரு பக்கக் கதவு. கோடியில் இரட்டைக் கதவு. அதில் ஒன்றுதான் திறந்திருந்தது. நாற்பது பேர் வந்தார்கள். பாதிப் பேர் பக்கத்தில், பாதிப் பேர் கோடியில் என்று தண்ணீராய் ஓடினார்கள்.

முபீனா பக்கக் கதவைச் சாத்தினார்.

கோடியில் நெரிசல். தேவசகாயமோ அனுப்பிக்கொண்டே இருந்தார். முன்னே போனவர்கள் முட்டித் திரும்ப, ஒரு கனத்த வெல்டரின் முதுகு அவர் மார்பில் வந்து மோதியது. மூக்குக் கண்ணாடி தெறித்தது.

"என்ன மேடம் இது!"

"இன்னொரு தடவை."

நாற்பது பேரும் முணுமுணுத்தபடி திரும்பிப் போனார்கள். தேவசகாயம் விடுகிற ஆள் இல்லை. இம்முறை காலை அகட்டி, நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

மறுபடி பக்கக் கதவு சாத்தப்பட்டது. வெல்டர் வந்து மோதினார். நிமிர்ந்த நெஞ்சு இன்னும் அதிகமாக வலித்தது.

"இன்னொரு தடவை."

மார்பைத் தடவிக்கொண்டே வாசலுக்கு வந்தார். இந்த முறை நெஞ்சை நிமிர்த்தவில்லை. முபீனாவின் கையைப் பார்த்தார். அது கதவுப் பிடியை நோக்கி நகர்ந்தது.

"மேடம், பொறுங்க! கோடியில யாருய்யா? அந்த இன்னொரு கதவையும் திற!"

திறக்கும்வரை கையை நீட்டி இரண்டு பேரைத் தடுத்து நிறுத்தினார். திறந்ததும் முபீனாவைப் பார்த்துத் தலையசைத்தார்.

பக்கக் கதவு மூடியது. நாற்பது பேரும் கோடி வழியாகவே போனார்கள். வெல்டரின் முதுகு யார் மீதும் படவில்லை.

தேவசகாயம் அங்கேயே நின்றார். வெட்கமாக இருந்தது. அதைவிட அவசரமாக இருந்தது.

"இறக்கையை நாலாவது தடவையும் தடிமனாக்கணுமா சார்?"

அவர் காதில் அது விழவில்லை. மேல்மாடியில் இருக்கும் பின் விசிறிக் குழுத் தலைவர் இளவழகனுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, உங்க விசிறி முழுசா வாய் திறக்க எவ்வளவு நேரமாகும்?"

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம். பிறகு குரல் வந்தது.

"முக்கால் விநாடி சார். பதினோரு வருஷத்துல நீங்க கேட்டதே இல்லையே?"

"முக்கால் விநாடிதானே? அதுவரைக்கும் புறவழிக் கதவை மூடாம நாங்க நிக்கிறோம் தம்பி. நீங்க திறங்க."