ஒரு மூடி மருந்து

இந்தக் கதையை மாதையன் பல வருஷமாக நம்பவில்லை. நம்பாமலேயே பன்னிரண்டு முறை உட்கார்ந்து கேட்டிருந்தான்.

மலையடிவாரத்து மடத்தில் சாமியின் குருபூஜை அன்று, பந்தி முடிந்ததும் வேலப்பன் அதைச் சொல்வார். கண்டக்டர் வேலையை விட்டுவிட்டு நாற்பது வயதில் சாமியிடம் சீடராக வந்தவர் அவர். சாமி சமாதியானபின் மடம் அவர் பொறுப்பு. மாதையனுக்கு அண்ணன் முறை. மாதையன் கூலிக்கு மருந்து அடிப்பவன். இடது கை பம்ப் அடிக்க, வலது கை குழாயைப் பிடிக்க, இருபத்தைந்து வருஷமாக முதுகில் டேங்க் சுமந்தவன்.

வேலப்பன் சொல்வது இதுதான்.

மடத்து நிலத்தில் பார்த்தீனியம் மண்டியது. பிடுங்கினால் கையெல்லாம் அரிக்கும். களைக்கொல்லி வாங்கினார்கள். டேங்குக்கு மூன்று மூடி என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். வேலப்பன் சந்தைக்குப் போயிருந்த நாளில், செடியும் உயிர்தானே என்று சாமி ஒரே ஒரு மூடி ஊற்றித் தானே அடித்துவிட்டார்.

நாலு நாள் செடிகள் மஞ்சளாகித் தொங்கின. பிறகு நிமிர்ந்தன. ஒரு தண்டு நின்ற இடத்தில் மூன்று கிளை. மருந்து படாத வரப்போரச் செடியைவிட ஒரு சாண் உயரம். சீக்கிரமே பூத்து, விதையாகக் கொட்டியது. காற்று அதை அள்ளிப் பக்கத்திலிருந்த பவுனம்மாளின் காட்டில் போட்டது. அடுத்த மழைக்கு அவள் எள்ளோடு சேர்ந்து அதுவும் முளைத்தது. அவளுக்கு இருந்தது அந்த ஒரு காடுதான்.

பவுனம்மாள் மடத்து வாசலில் வந்து நின்றாள். “உங்க பிரசாதம் என் காடு பூரா வந்திருக்கு. மருந்து அடிச்சது யார் சாமி?”

“நான்தான் தாயி.”

சாமி அவள் காட்டில் இறங்கினார். பக்கவாதத்தில் மடங்கிப்போன இடது கை பல வருஷமாக மார்போடு கிடந்தது. வலது கையால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். தோல் தடித்து, வெடித்து, நீர் வடிந்தது. ஆனாலும் எள் தேறவில்லை. அந்த வருஷமே பவுனம்மாள் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போனாள்.

கூடவே குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்த வேலப்பன் கேட்டாராம்: “பாவம் பாத்து ஒரு மூடி ஊத்துனது தப்பா சாமி?”

சாமி நிமிரவில்லை. “கொல்லவும் மனசில்ல, பிடுங்கவும் மனசில்ல. அதுக்குப் பேரு பாவம் பாக்குறது இல்ல வேலப்பா.”

கதை இங்கே முடியும். சாமிக்குப் பாவம் விவசாயம் தெரியாது என்று பந்தியில் யாராவது சிரிப்பார்கள். மாதையன் இலையையே பார்த்துக்கொண்டிருப்பான்.

முதல் தடவையே நேராகக் கேட்டிருக்க வேண்டும். அண்ணன் முகம் கோணக்கூடாது என்று, பட்டும் படாமல்தான் கேட்டு வந்தான். நீங்க அப்ப எங்கண்ணே இருந்தீங்க என்று ஒரு வருஷம். அளவு யாருக்குத் தெரியும் என்று இன்னொரு வருஷம். கேட்டதும் வேலப்பன் முகம் கொஞ்சம் வாடும். மறு வருஷம் கதை இன்னும் செழிப்பாக வரும். அந்தச் சந்தை முதலில் கதையில் இல்லை. கடைக்காரரும் இல்லை. இரண்டும் மாதையன் கேட்டபின் வந்தவை. வந்தவர்கள் அதையும் சேர்த்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள்.

இந்த வருஷம் பந்தியில் பவுனம்மாள் உட்கார்ந்திருந்தாள். சூளைப் புகையில் கண் மங்கியிருந்தது. கதை முடிந்ததும் இலையை மடித்தாள்.

“சோறு போட்ட இடம், பொய் சொல்லக் கூடாது,” என்றாள். “அந்தச் சாமி மேல எனக்கு இன்னும் மனசு ஆறல.”

வேலப்பன் அடுத்த பந்திக்கு இலை போடச் சொல்லிக்கொண்டே எழுந்தார்.

மாதையன் அவர் எதிரில் போய் நின்றான். பவுனம்மாளுக்கும் கேட்கிற மாதிரி கேட்டான்.

“அண்ணே, ஒத்தக் கையால சாமி எப்படிண்ணே பம்ப் அடிச்சாரு?”