நான்காவது எலக்ட்ரான்

“என் ஆராய்ச்சி மண்ணாப் போச்சு மேடம்,” என்றார் இன்னாசிமுத்து.

வயது நாற்பத்தொன்பது. கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே ஆறு வருஷமாக முனைவர் பட்டத்தோடு மல்லுக்கட்டுகிற மனுஷன். வழிகாட்டி நிலோஃபர் அவரைவிடப் பதினோரு வயது இளையவர். இருந்தால் என்ன, அந்த மேஜைக்கு முன்னால் வந்தால் இவருக்குக் கை தானாகக் கட்டிக்கொள்ளும்.

“என்ன ஆச்சு சார்?”

“ஆக்சைடுல இரும்பு வழக்கமா மூணு எலக்ட்ரானத்தான் இழக்கும். ஆக்ஸிஜன் அழுத்தத்துல அடைச்சு வச்சு நாலு இழக்க வச்சேன். கரைசல் ஊத்தி அளக்கிற டைட்ரேஷன்லயும் நாலுன்னுதான் வந்துச்சு. இப்ப எக்ஸ்ரே முடிவு வந்திருக்கு. இரும்பு மூணுலயேதான் நிக்குதாம். எது பொய் சொல்லுது?”

“ரெண்டும் பொய் சொல்லல. டைட்ரேஷன் மொத்தம் எத்தனை எலக்ட்ரான் போச்சுன்னுதான் சொல்லும். யாருகிட்டருந்து போச்சுன்னு சொல்லாது.”

அவருக்குப் பிடிபடவில்லை.

நிலோஃபர் அவருடைய ஆய்வேட்டின் நன்றியுரைப் பக்கத்தைத் திறந்தார்.

“‘இந்த ஆய்வுக்காக நான் எல்லாவற்றையும் இழந்தேன்.’ எதையெல்லாம் சார்?”

“தூக்கம். ஊர்த் திருவிழா. சிநேகிதங்க.” பெருமையாகத்தான் சொன்னார், பாவம். “அப்புறம், பதவி உயர்வு.”

“உங்களுக்கு வந்ததா?”

இன்னாசிமுத்து கட்டிய கையை அவிழ்த்தார்.

“இல்ல. என் வீட்டுக்காரிக்கு. கோவில்பட்டிக்குத் தலைமையாசிரியையா போகச் சொல்லி வந்துச்சு. எங்கம்மா படுத்த படுக்கை, நான் லேப்ல கெடந்தேன். பிரமிளா வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டா.”

நிலோஃபர் எக்ஸ்ரே தாள்களில் கடைசித் தாளை உருவி அவர் முன்னால் வைத்தார். அது ஆக்ஸிஜனைப் பற்றியது. அவர் அதைப் புரட்டிக்கூடப் பார்த்திருக்கவில்லை, தேடியது இரும்பைத்தானே.

இன்னாசிமுத்து வெகுநேரம் பார்த்தார்.

“நாலாவது எலக்ட்ரான், பக்கத்துல நின்ன ஆக்ஸிஜன்கிட்டருந்து போயிருக்கு.”

“ஆமா.”

“அப்ப என் ஆய்வேடு?”

“நல்லாத்தான் இருக்கு. தலைப்பை மாத்துங்க. அந்த நன்றியுரையையும்.”

வராந்தாவுக்கு வந்து மனைவிக்கு போன் போட்டார்.

“பிரமிளா, அன்னிக்கு வேண்டாம்னு எழுதிக் கொடுத்தியே, அழுதியா?”



“இதைக் கேக்க உங்களுக்கு அஞ்சு வருஷம் ஆச்சு,” என்றாள்.