திரும்பி வராதவர்கள்

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் வாயு மருந்து பாட்டில் ஒன்று இருந்தது. ரோஸ் நிறம், புதினா வாசம், அதற்கு மேல் வாய்! "நெஞ்சு வலி" என்று வந்தவர்களை ஈ.சி.ஜி. மெஷினிடம் அனுப்புவார்கள். "வாயு" என்றவர்கள் பாட்டிலிடம் வருவார்கள். நம் ஊரில் எது அடைத்தாலும் வாயுதானே! பாட்டிலுக்கு ஓய்வே கிடையாது.

"உன்கிட்ட வந்தவன் திரும்பத் திரும்ப வர்றான். என்கிட்ட ஒரு மூடி குடிச்சவன் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கிறதில்லை. யாருக்குய்யா கைராசி?" என்று அது மெஷினைச் சீண்டும். மெஷின் பாவம், அடுத்த ஆளுக்குக் கோடு போட்டுக்கொண்டிருக்கும்.

ஒருநாள் ஆராய்ச்சி என்பவள் அங்கே வேலைக்கு வந்தாள். எதைச் சொன்னாலும் "அப்புறம்?" என்பாள்.

"குடிச்சாங்க, ஏப்பம் விட்டாங்க, வீட்டுக்குப் போனாங்க" என்றது பாட்டில்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? வரலை. குணமாயிட்டாங்க."

"நீ போய்ப் பார்த்தியா?"

"நல்லா இருக்கே! பாட்டிலுக்குக் கால் இருக்கா?"

"எனக்கு இருக்கு" என்று கிளம்பிவிட்டாள் ஆராய்ச்சி.

வீடு வீடாக ஏறி இறங்கினாள். முக்கால்வாசிப் பேர் சௌக்கியம். காபி கொடுத்து உட்காரவைத்தார்கள். சில வீடுகளில் மட்டும் படத்துக்கு மாலை போட்டிருந்தது. அப்படிப் போய்ச் சேர்ந்தவர்களில் பலர் சர்க்கரை நோயுள்ள பெண்கள். மாரடைப்பு அவர்களுக்கு நெஞ்சு வலியாக வராமல், மேல்வயிற்றில் வாயு மாதிரி வந்திருக்கிறது.

அவள் திரும்பி வந்து சொன்னதைக் கேட்டதும் பாட்டிலுக்குத் தன் மருந்தே கசந்தது. "ஐயோ, சிரிச்சுக்கிட்டே வழியனுப்பினேனே!" என்று அழுதது.

"அழுதது போதும். இன்னும் ஆள் வரும்" என்றாள் ஆராய்ச்சி.

வந்தாள் பேச்சியம்மாள், வேர்த்து விறுவிறுத்து. "வாயுதாம்மா. சர்க்கரை வேற இருக்கு. ஒரு மூடி ஊத்துங்க, அடுப்புல சாம்பார் கிடக்கு."

நர்ஸ் பழக்கதோஷத்தில் பாட்டிலை எடுத்தாள். அது மூடியை இறுக்கிக்கொண்டு திறக்கவே விடவில்லை. "முதல்ல மெஷின்கிட்ட!" என்று கத்தியது.

மெஷின் கோடு போட்டுப் பார்த்துப் பதறியது. "மாரடைப்பு! ஓடியாங்க!"

பேச்சியம்மாள் பிழைத்தாள். வீட்டுக்குக் கிளம்பும்போது பாட்டிலைப் பிடித்துக்கொண்டாள். "ஏ பாட்டிலு, ஒரு மூடி கொடுக்க மனசு வரலையே உனக்கு!"

"வராது தாயி" என்றது பாட்டில். "மாசாமாசம் வந்து திட்டிட்டுப் போ."