ஐந்து சதவீதக் குறைவு

தீர்ப்புச் சொல்லும் ஆசை உள்ளவர்கள் இந்த வழக்கைக் கையில் எடுத்துக்கொள்ளலாம்.

கோயமுத்தூரில் ஒரு புற்றுநோய் மருத்துவமனை. கதிர்வீச்சு சிகிச்சைக்கு அங்கே இருப்பது ஒரே ஓர் இயந்திரம். சரியான அளவில் கதிரைப் பாய்ச்சுகிறதா என்று வெள்ளிக்கிழமை காலைகளில் அதை அளந்து பார்த்த பிறகுதான் நோயாளியைப் படுக்க வைப்பார்கள். அளப்பவர் ஜெபராஜ், மருத்துவ இயற்பியலாளர். இத்தனை காலமும் தூத்துக்குடியில் இதே வேலையைப் பார்த்துவிட்டுப் போன மாதம்தான் இங்கே வந்தவர். அவருக்கு அடுத்த நிலையில் இருப்பவள் நித்திலா. வேலை பார்த்துக்கொண்டே, கதிரளவின் துல்லியத்தைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் ஆய்வும் செய்கிறாள். இயந்திரத்தின் அளவை மாற்றவேண்டுமென்றால் இருவருமே கையெழுத்துப் போடவேண்டும். அங்கே அப்படி ஒரு விதி.

அந்த வெள்ளிக்கிழமை அளக்கும் கருவி கதிரை ஐந்து சதவீதம் குறைத்துக் காட்டியது. ஜெபராஜ் இன்னொரு முறை அளந்தார். அதே ஐந்து.

வெளியே பெஞ்சில் சென்னியப்பன் உட்கார்ந்திருந்தார். தக்காளி மண்டியில் ஏலம் கூறுபவர். மண்டியின் அந்தக் கோடிவரை கேட்ட குரல், குரல்நாணில் வந்த கட்டியால் வெறும் கிசுகிசுப்பாகிவிட்டது. காய்ச்சலால் அந்த வாரம் ஏற்கெனவே இரண்டு நாள் சிகிச்சை தவறியிருந்தது. இன்றும் தவறினால், அடுத்து வருவது சிகிச்சை இல்லாத சனி, ஞாயிறு. இப்படி இடைவெளி விட்டால் கட்டி சும்மா இருக்காது, திரும்பத் தலையெடுக்கும்.

“கம்மியாத்தான் இருக்கு. அஞ்சு சதவீதம் ஏத்திட்டு ஆளப் படுக்க வைப்போம். ஒரு கையெழுத்துப் போடும்மா” என்றார் ஜெபராஜ்.

“போட மாட்டேன் சார். வாரா வாரம் அசையாம நின்ன மிஷின், திடீர்னு எதுக்கு இறங்கணும்? காரணம் தெரியாம நாம அதத் திருகக் கூடாது.”

“ரெண்டு தடவ அளந்தாச்சு. அளந்தத நம்பாம வேற எத நம்புத? கிளி ஜோசியத்தையா?”

“அளந்த கருவியை யார் சார் அளந்தா?”

சத்தம் கேட்டு டாக்டர் ஹசீனா கதவைத் திறந்தார். “இங்க என்ன பட்டிமன்றம்? என் பேஷன்ட் வெளியே காத்துக்கிட்டு இருக்கார்.” விஷயத்தைக் கேட்டதும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “குறைச்சுத்தானே காட்டுது?”

“ஆமா மேடம்.”

“அப்ப எதையும் தொடாதீங்க. இன்னிக்கு இருக்கறபடியே குடுத்துடுங்க. காரணத்தை அப்புறம் தேடலாம்.”

“தப்புன்னு காட்டுத மிஷின்ல நான் யாரையும் படுக்க வைக்க மாட்டேன் டாக்டர்” என்றார் ஜெபராஜ்.

நித்திலா அதில் மட்டும் அவர் கட்சி. “சந்தேகத்தோட கதிர் குடுக்கறது எனக்கும் சம்மதமில்ல மேடம். இன்னிக்கு நிறுத்திடலாம்.”

இயற்பியலாளர்கள் இருவரும் மறுத்த பிறகு டாக்டரால் என்ன செய்ய முடியும்? இயந்திரம் நின்றது. சென்னியப்பனிடம் நித்திலாவே போய்ச் சொன்னாள்.

“காய்ச்சல் எனக்குத்தான்னு பாத்தா, மிஷினுக்குமுங்களா அம்மிணி?” என்று கிசுகிசுத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார் அவர். வந்திருந்த மற்றவர்களும் திரும்பிப் போனார்கள்.

மறுநாள் நித்திலா விடவில்லை. அளக்கும் கருவியின் நுனியில் விரல் நுனியளவு ஒரு குழி. அதிலிருக்கும் காற்றை வைத்துத்தான் அது கதிரை அளக்கிறது. காற்று மெலிந்திருந்தால் கணக்கும் குறையும் என்பதால், அன்றைய காற்றழுத்தத்தைப் போட்டுத் திருத்திக்கொள்வார்கள். அழுத்தத்தை அளக்க அங்கிருந்த பாரோமீட்டர் அந்த வாரம்தான் பழுதாகியிருந்தது. அதனால் ஜெபராஜ் கைப்பேசியில் பார்த்துப் போட்டிருந்தார். வானிலைக்காரர்கள் தருவதோ கடல்மட்டத்துக்கு மாற்றிய அழுத்தம். கடலோரத் தூத்துக்குடியில் அதுவும் ஊரின் நிஜ அழுத்தமும் ஒன்றுதான், வித்தியாசம் தெரிந்திருக்காது. கோயமுத்தூர் கடலுக்கு மேலே நானூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது; இங்கே நிஜ அழுத்தம் ஏறக்குறைய ஐந்து சதவீதம் குறைவு. ஒரு கல்லூரியிலிருந்து கேட்டு வாங்கிவந்த பாரோமீட்டரை வைத்து அளந்தபோது ஐந்து சதவீதமும் காணாமல் போனது. இயந்திரம் முதலிலிருந்தே சரி.

திங்கட்கிழமை சென்னியப்பனுக்குச் சிகிச்சை முடிந்ததும் கேன்டீனில் வழக்கு மறுபடி தொடங்கியது.

“நான் சொன்னபடி விட்டிருந்தா அவருக்கு முழு அளவும் போயிருக்கும்” என்றார் ஹசீனா.

“மிஷின் சரியா இருந்தது உங்க அதிர்ஷ்டம் மேடம். நான் கையெழுத்துப் போட்டிருந்தா எல்லாருக்கும் அஞ்சு சதவீதம் கூடப் போயிருக்கும். அதத் தடுத்தது யாரு?” என்றாள் நித்திலா.

“குறையுதுன்னு தெரிஞ்சும் விட்டிருந்தா, நாளைக்குக் கட்டி மிஞ்சினா யாரக் கேப்பாங்க? என்னத்தான!” என்றார் ஜெபராஜ்.

சனிக்கிழமை தெரியவந்ததை மறந்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை அந்த அறையில் இருந்தவர்களுக்குத் தெரிந்ததை மட்டும் வைத்துச் சொல்லுங்கள்: மூவரில் யார் சொன்னது சரி?

விடை: டாக்டர் ஹசீனா சொன்னதுதான் சரி. அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது. கருவி பொய் சொல்லியிருந்தால் சென்னியப்பனுக்கு முழு அளவு கிடைத்திருக்கும். மெய் சொல்லியிருந்தால் ஒரே ஒரு நாள் ஐந்து சதவீதம் குறைந்திருக்கும். அதை மிச்ச நாட்களில் சேர்த்துக் கொடுத்துவிடலாம். ஜெபராஜ் கேட்டபடி ஏற்றியிருந்தால், உடம்புக்குள் போன கதிரை யாரும் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே கையெழுத்துப் போடாதவரை நித்திலா செய்ததும் சரிதான். அதற்கு மேல் போய், அன்றைய சிகிச்சையையே நிறுத்தச் சொன்னதுதான் அவள் பிழை. கருவி ஐந்து கூட்டிக் காட்டியிருந்தால் நிறுத்தியது நியாயம், இதே தீர்ப்பு அவள் பக்கம் போயிருக்கும். குறைத்துக் காட்டிய அன்று, ஐந்து சதவீதக் குறைவுக்குப் பயந்து அவள் சென்னியப்பனுக்குக் கொடுத்தது நூறு சதவீதக் குறைவு. அதற்கு எச்சரிக்கை என்று பெயர் வைக்கக் கூடாது.