குடை முன்னே போன கதை

முன்னொரு காலத்துல வெண்சங்குப் பட்டினத்தை இளவழுதின்னு ஒரு ராஜா ஆண்டுக்கிட்டிருந்தாரு. நல்ல மனுஷன்தான். ஆனா பல்லி கத்தினாக்கூட சபையைக் கலைச்சிடுவாரு!

அப்போ கடல்ல போர். எதிரியோட கருங்கொடிக் கப்பல்கள் துறைமுகத்துக்கு வெளியே காவல் நின்னுச்சு. பனந்தீவுல நேச நாட்டு ராஜாக்கள் கூடிப் படை உதவி பத்திப் பேசப் போறாங்க. பௌர்ணமிக்குள்ள நம்ம ராஜா அங்கே போய்ச் சேரலேன்னா உதவி கிடையாது. பட்டினம் எதிரி கைக்குப் போயிடும்.

மந்திரி பொன்னம்பலனார் சொன்னாரு: "மகாராஜா, தோணி ஓட்டுற கலந்தர் தண்டலோட கருவாட்டுத் தோணியில போயிடலாம். எவனும் திரும்பிப் பார்க்கமாட்டான்."

தளவாய் வல்லபராயருக்கு மந்திரியைக் கண்டாலே வயித்தெரிச்சல். "ஐயையோ! வெண்குடை முன்னே போகாம மன்னர் கிளம்புறதா? அவரென்ன கருவாட்டு மூட்டையா? வெள்ளிக்கிழமை காலையில நல்ல நேரம். ராஜகப்பல்ல மேளதாளத்தோட போகணும்!"

ராஜா துள்ளி எழுந்தாரு. "ஆமா! குடை மரியாதையும் கெடக்கூடாது, நேரமும் தப்பக்கூடாது, நானும் உயிரோட போய்ச் சேரணும். இல்லேன்னா மந்திரி, உம்ம பதவி தளவாய்க்கு!"

"அதுக்கென்ன, பரஸ்தானம் வச்சிடுவோம்," னாரு மந்திரி.

பரஸ்தானம்னா தெரியுமில்ல? நல்ல நேரத்துல ஆள் கிளம்ப முடியாட்டி, அவர் குடையையோ செருப்பையோ முன்னால அனுப்பி வைக்கிறது. ஆள் பின்னால போய்க்கலாம்.

வெள்ளிக்கிழமை மேளம் முழங்க ராஜகப்பல்ல குடை ஏறிச்சு. "துணைக்கு மரியாதை தெரிஞ்சவர் ஒருத்தர் வேணுமே," ன்னு மந்திரி தளவாயைப் பார்த்தாரு. பாவம், மெல்லவும் முடியாம முழுங்கவும் முடியாம மனுஷன் ஏறினாரு. கருங்கொடிக் கப்பலெல்லாம் குடையைத் துரத்திச்சு. மந்திரி சொல்லி வச்சபடி மாலுமிங்க ஆழமில்லாத கழிமுகத்துக்குள்ள நுழைஞ்சுட்டாங்க. எதிரியோட பெரிய கப்பல்களால பின்னால போக முடியல.

இந்தப் பக்கம் கைலியும் தலைப்பாவுமா ராஜா கருவாட்டுத் தோணியில, பக்கத்துல மந்திரி. எதிரியோட காவல் படகு ஒண்ணே ஒண்ணு மறிச்சுது. காவல்காரன் மூக்கைப் பொத்திக்கிட்டு, "ஏய், எங்கே போறீங்க?" ன்னான்.

கலந்தர் வாயைத் திறக்குறதுக்குள்ள ராஜாவுக்கு வந்துச்சே கோபம்! "அறிவிருக்காய்யா? கிளம்புறவங்களை எங்கேன்னு கேட்டா போற காரியம் விளங்குமா?"

மந்திரிக்கு உயிரே போயிடுச்சு. காவல்காரனோ சிரிச்சுட்டான். "எங்கம்மாவும் இப்படித்தான் திட்டும். போய்ட்டு வாங்க பெரியவரே!"

போனாங்க, பேசினாங்க, நேசப்படையோட திரும்பினாங்க. கருங்கொடி இறங்கிச்சு. கழிமுகத்துச் சேத்துலேருந்து தளவாய் தலைகுனிஞ்சு வந்தாரு. "குடை நனையல மகாராஜா. நான்தான் நனைஞ்சுட்டேன். மந்திரியாரே, என்னை மன்னிக்கணும்."

ராஜா அந்தக் குடையை மந்திரி கையில கொடுத்தாரு. மந்திரி அதைக் கொண்டுபோய்க் கலந்தர் தோணியில கட்டினாரு.

பிடிபட்டவங்க வரிசையில அந்தக் காவல்காரனும் கையில கட்டோட நின்னான். ராஜா அவன் பக்கத்துல போய்த் தன் கையாலேயே கட்டை அவிழ்த்துவிட்டாரு.

"எங்கேன்னு கேக்கமாட்டேன்," னாரு. "அம்மா காத்திருக்கும். போய்ட்டு வாப்பா."