தேவசகாயம் ஜாடி

இந்தக் கதையில் சீடர்தான் வயதில் மூத்தவர். பெயர் சபாபதி. பெங்களூரில் ஒரு பம்ப் கம்பெனியில் அளவுக் கருவிகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் வேலை. தலை பாதி நரைத்துவிட்டது. குருவின் பெயர் எஸ்தர். பல் டாக்டர்.

மாதம் ஒரு ஞாயிறு சாயங்காலம் எஸ்தர் வீட்டு மொட்டை மாடியில் ஒரு சங்கம் கூடும். வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறவர்களின் சங்கம். ஆளுக்கு நாலு பாட்டில் கொண்டு வருவார்கள். ஊற்றுவார்கள், முகர்வார்கள், அப்புறம் குறை சொல்ல ஆரம்பிப்பார்கள். பாதிப் பேருக்குக் குடிப்பதைவிடக் குறை சொல்வதில்தான் போதை. புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் எஸ்தர்தான் சொல்லிக்கொடுப்பார். அதனால் அங்கே அவர் டாக்டர் இல்லை, டீச்சர்.

சங்கத்துக்கென்று ஒரு ஜாடி உண்டு. தயிருக்கு உறைமோர் மாதிரி, பியருக்கு ஈஸ்ட். அந்த ஈஸ்ட்டை முதன்முதலில் கொண்டு வந்தவர் தேவசகாயம். அதனால் அது தேவசகாயம் ஜாடி. மாதம் ஒருவர் அதை வீட்டுக்கு எடுத்துப்போய், பாதியைப் போட்டு பியர் காய்ச்சி, அடியில் படிவதை மறுபடி ஜாடியில் எடுத்து வைத்து, அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். தேவசகாயம் போன வருடம் இறந்துபோனார். ஈஸ்ட் மட்டும் உயிரோடு இருந்தது. சங்கத்தில் அதைச் சொல்லும்போது எல்லோருக்கும் குரல் கொஞ்சம் தாழும்.

அந்த ஜாடி ஒருவழியாகச் சபாபதி கைக்கு வந்தது. வந்த வாரமே அதைக் கொன்றார்.

வேண்டுமென்றா கொன்றார்? தெர்மாமீட்டரில் பேட்டரி தீர்ந்திருந்தது. ஊரில் உள்ள தெர்மாமீட்டருக்கெல்லாம் சான்று கொடுக்கிற மனிதர், அன்றைக்குப் பார்த்து பானையின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்து ஆறிவிட்டது என்று முடிவு செய்தார். ஈரத்துணி சுற்றிய பானை வெளியே ஜில்லென்றுதான் இருக்கும். உள்ளே பார்லி மால்ட் சாறு இன்னும் சுடச்சுட இருந்தது, ஈஸ்ட் பிழைக்காத சூடு. பாதி போட்டால் போதும் என்பது வழக்கம். முழுசாகப் போட்டால் இன்னும் நன்றாக வரும் என்று இவருக்கு ஒரு நினைப்பு. ஜாடியைக் கவிழ்த்தார்.

இரண்டு நாள் பானைமேல் காதை வைத்துக் கேட்டார். ஒரு குமிழி இல்லை. மூன்றாம் நாள் கடைக்குப் போய், கடைக்காரன் கையில் அகப்பட்ட பாக்கெட் ஈஸ்ட் ஒன்றை வாங்கி வந்து போட்டார். சாயங்காலமே பானை களக்களக் என்று பேச ஆரம்பித்துவிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவருக்கு நிம்மதியாகவும் இருந்தது, அருவருப்பாகவும் இருந்தது. பியர் ஆனதும் அடியில் படிந்ததை வழக்கம்போல ஜாடியில் எடுத்து வைத்தார்.

கூட்டத்துக்குப் போனதும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் கிளம்பினார். ஆனால் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் சபாபதியின் பாட்டில் ஒன்றை ஜெயவேலு திறந்துவிட்டார். ஜெயவேலு சாமானியப்பட்டவர் இல்லை. அவர் நாக்கிடம் தப்பித்த பியர் அந்த மாடியில் இதுவரை கிடையாது.

ஒரு மடக்கு குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"தேவசகாயம்," என்றார். "ஆள் போயிட்டாரு, கை போகலை பாருங்க."

எல்லோரும் குடித்தார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

சபாபதி திருதிருவென்று முழித்தார். தன் கிளாசை எடுத்து ஒரு வாய் குடித்துப் பார்த்தார். தேவசகாயம் பியர் மாதிரியேதான் இருந்தது. மற்றவர்கள் ஏமாந்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். உண்மை தெரிந்த தன் நாக்கும் அதையே சொன்னதுதான் அவரைக் கலக்கிவிட்டது.

அப்போதுதான் ஓரமாக உட்கார்ந்திருந்த பெண்ணைக் கவனித்தார். மடியில் ஒரு சின்ன ஃபிளாஸ்க். தேவசகாயத்தின் மகள் ஷீபா, புனேயிலிருந்து வந்திருக்கிறாள் என்றார்கள்.

"அப்பா வீட்டை வித்தாச்சு அங்கிள்," என்றாள் ஷீபா. "அவரோட சாமானெல்லாம் யார் யாருக்கோ குடுத்தாச்சு. இது ஒண்ணுதான் உயிரோட இருக்கு. கொஞ்சம் எடுத்துட்டுப் போறேன். ராத்திரி ரயில்."

சபாபதி எழுந்து கீழே அடுக்களைக்குப் போனார். எஸ்தர் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"கேளுங்க சார்."

"ஒரு பொருள், அதுதானா, வேறயான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

"குடிச்சுப் பார்த்தா தெரியாதா?"

"நாக்கு பொய் சொன்னா?"

"உங்க நாக்கு என்ன சொல்லுது?"

"எல்லார் நாக்கும் சொல்றதைத்தான் சொல்லுது. அதான் குழப்பமா இருக்கு."

எஸ்தர் கையைத் துடைத்துக்கொண்டார். ஃபிரிட்ஜைத் திறந்து, சபாபதி கொண்டுவந்து வைத்திருந்த ஜாடியை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார்.

"அந்தப் பொண்ணுக்கு நீங்களே ஊத்திக் குடுங்க."

"நானா?"

"உங்க மாசம்தானே சார்?"

டீச்சருக்குத் தெரிந்துவிட்டதா, தெரியாமல் சொல்கிறாரா? சபாபதி குருவின் முகத்தைப் பார்த்தார். அது பல் பிடுங்கப்போகும் டாக்டரின் முகமாக இருந்தது. அதிலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

மாடிக்கு வந்தார். ஷீபா ஃபிளாஸ்க்கின் மூடியைத் திறந்து நீட்டினாள். இவர் ஜாடியைச் சாய்த்தார். கை அதற்குமேல் சாயவில்லை.

"இது உங்கப்பாவோடது இல்லைம்மா."

ஷீபா சிரித்தாள். "என்ன அங்கிள்?"

"அதை நான் கொன்னுட்டேன். சூட்டுல ஊத்திட்டேன். ஒரு சொட்டுகூட மிச்சம் வைக்கலை. இது கடையில வாங்கின பாக்கெட்."

ஷீபா ஃபிளாஸ்க்கை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

ஜெயவேலுவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்போ நான் குடிச்சது என்னய்யா?" என்று கத்தினார்.

"பியர்," என்றார் பின்னாலேயே வந்து நின்ற எஸ்தர்.

"டீச்சர், வேற யார்கிட்டயாவது கொஞ்சம் இருக்குமா?" என்று கேட்டாள் ஷீபா.

"இல்லை ஷீபா. செத்துப்போச்சு."

அந்த ஒரு சொல்லை அந்த மாடியில் அதுவரை யாரும் சொன்னதில்லை, ஜாடியைப் பற்றியும் சரி, அவரைப் பற்றியும் சரி. ஷீபா அழுதாள். நன்றாகவே அழுதாள். சபாபதி ஜாடியைக் கீழே வைக்கவும் தெரியாமல், பிடித்திருக்கவும் முடியாமல் நின்றார். தன்னை யாராவது திட்டினால்கூடத் தேவலாம் என்றிருந்தது அவருக்கு.

ஷீபா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ரயில்ல வர்ற வழியெல்லாம் ஒரே பயம் அங்கிள். நான் காய்ச்சினதே இல்லை. என் கையில செத்துடுமோ, எல்லாரும் என்ன சொல்வாங்களோன்னு."

"எனக்கும் அதே பயம்தாம்மா. ஜாடி கைக்கு வந்ததுலேர்ந்து."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஃபிளாஸ்க்கை மறுபடி திறந்தாள்.

"ஊத்துங்க."

"இது பாக்கெட்டும்மா."

"தெரியும். ஊத்துங்க. நான் காய்ச்சக் கத்துக்கணும்."

சபாபதி ஊற்றினார். கொஞ்சம் தரையில் சிந்தியது.

"சரி, இனிமே இந்த ஜாடியை என்னன்னு கூப்பிடறது?" என்றார் ஜெயவேலு. கோபம் இன்னும் ஆறவில்லை.

"சபாபதி ஜாடி," என்றார் எஸ்தர்.

சபாபதிக்குத் தூக்கிவாரிப்போட்டது. கேலி செய்கிறாரா? குருவின் முகத்தில் கேலி இல்லை.

"என் பேரா? எதுக்கு டீச்சர்? அதைக் கொன்னவன் நான்."

"ஆமா சார். நாளைக்கு ஷீபா கையில இது செத்துட்டா, அவ பயப்படாம யார்கிட்ட வந்து சொல்லுவா?"