தெருமுனை வரை

திருவாசகம் பாட அடிகளைத் துஷ்டி வீட்டுக்கு அழைத்திருந்தார்கள். சீடர் உலகநாதனும் கூடப் போனார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். குருவைவிடப் பத்து வயது மூத்தவர். சந்தேகங்களில் இன்னும் மூத்தவர்.

இறந்தவர் அம்பலவாணர். ஒரே மகள், பிரமநாயகி. பையன் இல்லாத வீடு என்பதால் கொள்ளி வைக்க அண்ணன் மகனைப் பெங்களூரிலிருந்து வரவழைத்திருந்தார்கள். நல்ல பையன்தான். சித்தப்பாவைக் கடைசியாகப் பார்த்தது தன் கல்யாணத்தில்.

குளிப்பாட்டுவதற்காக உடலைத் தூக்கினார்கள். நான்கு ஆண்கள், நான்கு பக்கம் இழுத்தார்கள். தலை தொங்கிவிட்டது. பிரமநாயகி ஓடிவந்து பிடரிக்கு அடியில் கைகொடுத்து, தோளில் சாய்த்து, ஒரே மூச்சில் உட்கார வைத்தாள். பார்க்கவே பெருமையாக இருந்தது.

"நாலு வருஷமாப் படுத்த படுக்கை, சாமி. தெனமும் இவ ஒருத்திதான் தூக்குவா," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

அடிகள் பிரமநாயகியைப் பார்த்துக் கைகூப்பினார்.

பாடை தெருமுனைக்கு வந்தது. பெண்கள் அதோடு திரும்பிவிடுவது அந்த ஊர் வழக்கம். பிரமநாயகி திரும்பவில்லை.

"எங்கப்பாவுக்கு நான்தான் கொள்ளி வைப்பேன்," என்றாள்.

சங்கு நின்றது. அண்ணன் மகன் தீச்சட்டியும் கையுமாக விழித்தான். ஊர்ப் பெரியவர்கள் உலகநாதனைப் பார்த்தார்கள். அவர் குருவிடம் வந்தார்.

"சாமி, நீங்க ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிருங்க."

"எங்க?"

"வீட்டுக்குத்தான். பொம்பளப் பிள்ள சுடுகாட்டுக்கு வரலாமா?"

"வந்தா என்ன ஐயா?"

"அவங்களத் தாழ்வா நெனச்சு வச்ச வழக்கம் இல்ல சாமி இது. இளகின மனசு. எரியிறதப் பாத்தாத் தாங்க மாட்டாங்க. அந்த இரக்கத்துலதான் பெரியவங்க இங்கயே நிறுத்தினாங்க."

அடிகள் அண்ணன் மகனிடம் போய்க் கையை நீட்டினார். அவன் நிம்மதியாகத்தான் சட்டியைக் கொடுத்தான். அதைப் பிரமநாயகியிடம் கொடுத்தார். அவள் அதை இறுகப் பிடித்தாள். அப்பாவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

அடிகள் சீடரிடம் திரும்பினார்.

"அந்த மனுஷன் கொஞ்சங் கொஞ்சமாச் செத்தத நாலு வருஷம் பக்கத்துல இருந்து பாத்தது இந்தப் பிள்ள. மனசு தாங்காதுன்னு அப்போ ஒருத்தராவது வந்து நிறுத்தினீங்களா ஐயா?"